அடிக்காத அவுட்ஃபீல்டரை வைத்திருப்பதா, விடுவதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

2025 அமெரிக்க பேஸ்பால் சீசனின் முதல் பாதியில் அட்லான்டா பிரேவ்ஸ் அணியின் இரண்டு இளம் அவுட்ஃபீல்டர்கள் (மைதானத்தின் வெளிப்பகுதியில் பந்து பிடிப்பவர்கள்) தடுமாறினார்கள். ஒருவர் ஜாரெட் கெலனிக். 24 ஆட்டங்களில் அவருடைய பேட்டிங் சராசரி .167, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 167 ஹிட். ஏப்ரல் முடிவதற்குள் குவினெட்டில் உள்ள டிரிபிள்-ஏ (மைனர் லீகின் மேல்நிலை) அணிக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர் மைக்கேல் ஹாரிஸ். ஜூலையில் ஆல்-ஸ்டார் இடைவேளை வந்தபோது அவர் கணக்கில் இருந்தது .210 சராசரியும் 6 ஹோம் ரன்களும். ஆனாலும் அவரை யாரும் உட்காரவைக்கவில்லை. சீசன் முடிந்தபோது 160 ஆட்டங்கள், .249, 20 ஹோம் ரன், 20 ஸ்டீல் (பேஸ் திருட்டு), 86 ஆர்பிஐ (அவர் அடியால் வந்த ரன்கள்). ஃபேன்டசி லீகில் (உண்மை ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய எண்களுக்குப் புள்ளி பெறும் விளையாட்டில்) ஜூன் மாதம் பொறுமை இழந்து அவரை விட்டவர்கள், அந்த இரண்டாம் பாதி முழுவதும் வேறொருவருக்குப் புள்ளி சேர்ப்பதைப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஒரே அணி, ஒரே சீசன், ஒரே அவுட்ஃபீல்ட். பேட்டைப் பார்த்து இருவரையும் பிரிக்க முடியாது. பிரித்தது வேறு: ஹாரிஸ் சென்டர் ஃபீல்டில் பந்தைத் துரத்திப் பிடிப்பதில் லீகின் சிறந்தவர்களில் ஒருவர்; 2022 ஆகஸ்டில் 8 ஆண்டு, 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, அந்த ஆண்டின் ரூக்கி (சிறந்த அறிமுக வீரர்) விருதையும் வாங்கியவர். கெலனிக் ஓரத்தில் ஆடுகிறவர். அவர் இடத்துக்கு அணி வேறு ஆளைத் தேடிக்கொண்டே இருந்தது.

ஃபேன்டசி அணியில் அடிக்காத அவுட்ஃபீல்டர் ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: சராசரியைக் கடைசியில் பாருங்கள். மேனேஜர் இவர் பெயரை லைன்அப்பில் (அன்று ஆடுபவர்களின் பட்டியலில்) இன்னும் ஏன் எழுதுகிறார், எப்போது நிறுத்துவார் என்பதை முதலில் பாருங்கள். ஆடுகிறவர் மீண்டு வரலாம். பெஞ்சில் இருப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் உங்களுக்குச் சுழியம்தான்.

தொடங்கும் முன் மூன்று பக்கங்களைத் திறந்து வையுங்கள். அந்த அணியின் கடந்த 15 ஆட்டங்களின் லைன்அப், எதிரணி ஸ்டார்ட்டிங் பிட்சர் (ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர்) எந்தக் கை என்பதோடு. பேஸ்பால் சாவன்ட் தளத்தில் அந்த ஆட்டக்காரரின் பக்கம். உங்கள் லீகின் விதிமுறைப் பக்கம். மூன்றாவதைத்தான் பலர் திறப்பதே இல்லை; அதனால் வரும் தவறுகளைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி: வாரத்துக்கு ஓரிரு நாள் பெயரைக் காணோம்

காணாமல் போன நாட்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் எல்லாம் எதிரே இடதுகை பிட்சர் இருந்து, உங்கள் ஆள் இடதுகை பேட்ஸ்மேனாக இருந்தால், அவர் பிளட்டூனில் (பிட்சரின் கையைப் பொறுத்து இருவர் மாறி மாறி ஆடும் ஏற்பாட்டில்) விழுந்துவிட்டார் என்று அர்த்தம். மேனேஜர் அவரை நம்பாமல் போகவில்லை, பாதி நம்புகிறார். லீகில் சுமார் நான்கில் ஒரு ஆட்டத்தை இடதுகை பிட்சர் தொடங்குகிறார். ஆகவே பெரிய பங்கு இன்னும் உங்கள் ஆளிடம்தான்.

இதற்கான மருந்து உங்கள் லீகைப் பொறுத்தது. தினமும் லைன்அப் மாற்றலாம் என்றால் இவரை வைத்துக்கொள்ளுங்கள். வலதுகை பிட்சர் வரும் நாளில் போடுங்கள், மற்ற நாள் வேறு ஆள். சொல்லப்போனால் கடினமான பந்துவீச்சை அணியே அவருக்காகத் தவிர்த்துத் தருகிறது, உங்கள் சராசரிக்கு அது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை பூட்டும் லீக் என்றால் திங்கள் காலையில் அந்த வார எதிரணி பிட்சர்களை எண்ணுங்கள். ஆறு ஆட்டத்தில் மூன்று இடதுகை என்றால் அந்த வாரம் அவர் வேண்டாம்.

வலதுகை பேட்ஸ்மேன் வலதுகை பிட்சருக்கு எதிராக உட்காரத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். இப்போது அவரிடம் இருப்பது அந்த நான்கில் ஒரு பங்கு மட்டும். ஆழமான லீகிலும் இதற்கு மேல் காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று கவனியுங்கள். லைன்அப்பில் பெயர் இருக்கிறது, ஆனால் ஆறாவது இன்னிங்ஸுக்கு மேல் ஆளைக் காணோம். எதிரணி இடதுகை ரிலீவரை (மாற்றுப் பிட்சரை) கொண்டு வந்ததும் இவரை எடுத்துவிட்டு வேறு ஒருவரை அடிக்க அனுப்புகிறார்கள். ஆட்ட எண்ணிக்கையில் இது தெரியாது. பேட்டிங் வாய்ப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தால்தான் தெரியும்: ஒரு ஆட்டத்துக்கு 4 வர வேண்டிய இடத்தில் 2, 3 என்று நின்றுவிடும்.

காணாமல் போன நாட்களுக்கும் பிட்சரின் கைக்கும் சம்பந்தமே இல்லை என்றால்? இரவு ஆட்டத்துக்கு அடுத்த நாள் பகல் ஆட்டம் வந்ததா பாருங்கள். அது வெறும் ஓய்வு. அதுவும் இல்லை, தொடர்ச்சியாக இரண்டு வலதுகை பிட்சருக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறார் என்றால், மேனேஜர் ‘தலையைத் தெளிவாக்கிக்கொள்ள’ நேரம் கொடுக்கிறார். அடுத்த கட்டம் பெரும்பாலும் மைனர் லீக். அல்லது காயம் என்று ஓர் அறிவிப்பு.

அறிகுறி: பேட்டிங் வரிசையில் இறங்கிக்கொண்டே போகிறார்

இரண்டாவதாக ஆடியவர் ஏழு, எட்டு என்று இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் முழு சீசனில் 15 முதல் 20 பேட்டிங் வாய்ப்பு போகும். அது ஒன்றும் உயிர்போகிற நஷ்டம் இல்லை. உண்மையான இழப்பு ஆர்பிஐயிலும் ரன்னிலும். எட்டாவதாக ஆடுகிறவருக்கு முன்னால் பேஸில் ஆள் குறைவு. பின்னால் அவரை ஓட்டிக்கொண்டு வர ஆள் குறைவு.

ஒரு விதிவிலக்கு. வேகமான ஓட்டக்காரர் ஒன்பதாவது இடத்தில் நிலையாக ஆடினால் பயப்பட வேண்டாம். அவருக்குப் பின்னால் வருவது அணியின் முதல் மூன்று பேர். பேஸில் ஏறினால் ரன் வரும், ஸ்டீலும் குறையாது. ஐந்திலிருந்து ஏழுக்கு இறங்குவதைவிட ஒன்பதுக்கு இறங்குவது சில நேரம் மேல்.

அறிகுறி: சராசரி படுமோசம், ஆனால் தினமும் ஆடுகிறார்

இந்த அறிகுறிதான் மிக அதிகம் தவறாகப் படிக்கப்படுவது. ‘இவ்வளவு மோசமாக ஆடியும் எடுக்கவில்லை என்றால் நாளை எடுத்துவிடுவார்கள்’ என்று பயந்து விடுகிறவர்களும் உண்டு, ‘தினமும் ஆடுகிறார், ஆகவே நல்லவர்’ என்று காத்திருக்கிறவர்களும் உண்டு. அவர் ஆடுவதற்கான காரணம் என்ன என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. காரணங்கள் மூன்றுதான்: கையுறை, சம்பளம், வேறு ஆள் இல்லாமை.

கையுறையால் ஆடுகிறவர் மிகப் பத்திரமானவர். சிகாகோ கப்ஸின் பீட் குரோ-ஆர்ம்ஸ்ட்ராங் 2025இல் இடைவேளைக்கு முன் 25 ஹோம் ரன் அடித்தார், அதற்குப் பின் 6 மட்டும். ஆகஸ்டில் பேட் அப்படியே அணைந்துபோனது. சென்டர் ஃபீல்டில் அவர் தரும் தடுப்பாட்டத்துக்கு மாற்று அணியில் இல்லாததால் இடம் பறிபோகவில்லை. அந்த ஆண்டு சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் குளவ் விருதும் அவருக்குத்தான். முடிவில் 31 ஹோம் ரன், 35 ஸ்டீல். ஆகஸ்ட் சரிவில் அவரை வைத்திருந்தவர்களுக்குச் சராசரி அடிவாங்கியது, ஆனால் ஸ்டீல் கணக்கு தொடர்ந்து ஏறியது.

அதே சமயம் கையுறை ஆட்டநேரத்தைத்தான் காப்பாற்றும், புள்ளியை இல்லை. ஜாக்கி பிராட்லி ஜூனியர் 2021இல் மில்வாக்கி அணிக்கு 134 ஆட்டங்கள் ஆடினார். சராசரி .163. தினமும் லைன்அப்பில் இருந்து உங்கள் சராசரியைத் தினமும் அரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஹாரிஸ், குரோ-ஆர்ம்ஸ்ட்ராங் இருவருக்கும் பிராட்லிக்கும் உள்ள வித்தியாசம் வயது, கால் வேகம், முந்தைய சீசன்களில் காட்டிய பவர். கையுறையோடு இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் காத்திருங்கள்.

சம்பளத்தால் ஆடுகிறவர் அடுத்த வகை. 2025இல் டாட்ஜர்ஸ் அணி மைக்கேல் கன்ஃபர்ட்டோவை ஓராண்டுக்கு 1.7 கோடி டாலருக்கு எடுத்தது. 138 ஆட்டங்கள் ஆடி .199, 12 ஹோம் ரன். மேஜர் லீகில் ஐந்து ஆண்டு சர்வீஸ் கடந்த ஆட்டக்காரரை அவர் சம்மதமின்றி மைனருக்கு அனுப்ப முடியாது. அணிக்கு இருந்த வழி வைத்திருப்பது அல்லது விடுவிப்பது. வைத்திருந்தார்கள். அக்டோபர் பிளேஆஃப் பட்டியலில் மட்டும் பெயர் இல்லை. இந்த வகையினருக்கு ஆட்டநேரம் மெல்லத் தேயும், திடீரென்று நிற்காது. உங்கள் அணியில் இவர் இருந்தால் ஜூன் வரை கெடு வையுங்கள். அதற்குள் கீழே சொல்லப்போகும் பந்து வேக அளவுகள் மாறவில்லை என்றால் மதிப்புள்ள எதற்காவது டிரேட் செய்ய முயலுங்கள். பழைய பெயரைக் கேட்டு வாங்குகிறவர்கள் எல்லா லீகிலும் இருக்கிறார்கள்.

வேறு ஆள் இல்லாததால் ஆடுகிறவர் கடைசி வகை, இவர் ஆபத்தானவர். 2024இல் 121 ஆட்டம் தோற்ற வைட் சாக்ஸ் போன்ற அணியில் .220 அடித்தாலும் இடம் இருக்கும். ஆனால் அந்த இடம் அவருடையது இல்லை, காலியாக இருப்பதால் நிற்கிறார். டிரிபிள்-ஏவில் ஒரு பையன் சூடாக அடிக்கத் தொடங்கினாலோ, காயத்திலிருந்து ஒருவர் திரும்பினாலோ அன்றோடு முடிந்தது. அணியின் டிரிபிள்-ஏ அவுட்ஃபீல்டர்கள் யார், இன்ஜுரி லிஸ்டில் யார், எப்போது திரும்புகிறார் என்பதை வாரம் ஒருமுறை பாருங்கள். கெலனிக் விஷயத்தில் ரொனால்ட் அக்குன்யா முழங்கால் அறுவைக்குப் பின் மே மாதம் திரும்பப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த ஒரு தேதியே கெலனிக்கின் மதிப்புக்குக் காலாவதித் தேதியாக இருந்தது.

இங்கே ஆப்ஷன் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். 40 பேர் பட்டியலில் உள்ள ஆட்டக்காரருக்குப் பொதுவாக மூன்று ஆப்ஷன் ஆண்டுகள் உண்டு. அவை இருக்கும்வரை அணி அவரை வெய்வர் (மற்ற அணிகள் அவரைக் கேட்டு எடுக்கும் வாய்ப்பு) இல்லாமலே கீழே அனுப்பி மேலே அழைக்கலாம். தீர்ந்துவிட்டால் அனுப்பும்போது வேறு அணி அவரைப் பறித்துக்கொள்ளலாம், அதனால் அணி தயங்கும். ஒரே மாதிரி தடுமாறும் இருவரில் ஆப்ஷன் மீதமுள்ளவர்தான் முதலில் பெட்டி கட்டுவார். 26 பேருக்குத்தான் இடம் என்பதால் இந்தக் கணக்கு திறமையைவிட முன்னால் வந்து நிற்கும். அனுப்பப்பட்ட பேட்ஸ்மேன் குறைந்தது 10 நாள் கீழே இருந்தாக வேண்டும், காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக வந்தால் தவிர. ஆகவே ‘நாளைக்கே திரும்புவார்’ என்று பெஞ்சில் இடம் அடைத்து வைக்காதீர்கள்.

அறிகுறி: நன்றாகத்தான் அடிக்கிறார், ஆனால் எல்லாம் கைக்குப் போகிறது

இதை முழுதாக நம்பவும் வேண்டாம், முழுதாகத் தள்ளவும் வேண்டாம். சாவன்ட் பக்கத்தில் மணிக்கு 95 மைலுக்கு மேல் அடிக்கப்பட்ட பந்துகளின் விழுக்காட்டைப் பாருங்கள். அவருடைய சென்ற ஆண்டு அளவோடு ஒப்பிடுங்கள், லீகின் சராசரியோடு அல்ல. பழைய அளவிலேயே இருக்கிறது, ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) ஏறவில்லை, எதிர்பார்க்கப்படும் சராசரி (பந்து அடிக்கப்பட்ட விதத்தை வைத்துக் கணக்கிடுவது) உண்மைச் சராசரியைவிட நன்றாக உயரத்தில் இருக்கிறது என்றால் இது துரதிர்ஷ்டம். விட வேண்டாம், மாறாக, வேறொருவர் அணியில் இப்படி ஒருவர் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆகிறது என்ற அளவை, அதாவது பேபிப்பை, எல்லோரும் இங்கே எடுத்து வைப்பார்கள். லீக் முழுக்க அது .290 ஒட்டி இருக்கும். இவருக்கு .220 என்றால் உடனே ‘ஏறும்’ என்று முடிவு கட்டாதீர்கள். அந்த அளவு நிலைபெற 800க்கும் மேற்பட்ட பந்துகள் வேண்டும், அதாவது ஒரு சீசனைவிட அதிகம். ஸ்ட்ரைக்அவுட் விகிதமோ 60 வாய்ப்பிலேயே ஓரளவு உண்மை சொல்லத் தொடங்கும். வாக் (நான்கு தவறான பந்தால் இலவசமாக முதல் பேஸ் போவது) விகிதத்துக்கு 120, ஹோம் ரன்னுக்கு 170. மே முதல் வாரத்தில் நீங்கள் நம்பக்கூடியது ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும்தான். சராசரியைப் பற்றி அப்போது பேசுவதே வீண்.

பேபிப் குறைவாக இருப்பதற்குத் துரதிர்ஷ்டம் அல்லாத காரணமும் உண்டு. இன்ஃபீல்டுக்குள்ளேயே செங்குத்தாக எழும் பந்துகள் அதிகமானால் அவை எப்போதும் கைக்குத்தான் போகும். எல்லாப் பந்தையும் இழுத்து உயரமாகத் தூக்குகிறவருக்கும் அப்படியே. இது அதிர்ஷ்டத்தால் திரும்பாது, அவர் அடிக்கும் கோணம் மாற வேண்டும்.

அறிகுறி: ஸ்ட்ரைக்அவுட் ஏறிக்கொண்டே போகிறது

எந்தப் பந்துக்கு என்று பாருங்கள். ஸ்ட்ரைக் ஜோனுக்கு வெளியே விழும் ஸ்லைடர், சேஞ்ச்அப் போன்ற ஏமாற்றுப் பந்துகளைத் துரத்துகிறார் என்றால் பிட்சர்கள் அவருடைய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது அவர் பதில் சொல்ல வேண்டிய முறை. இளைஞருக்கு இது வழக்கமான கட்டம். ஆனால் ஜோனுக்குள் வரும் நேரான வேகப்பந்தைத் தவறவிடுகிறார் என்றால் எனக்குக் கவலை வந்துவிடும். 30 வயது தாண்டியவராக இருந்தால் பேட் வேகத்தையும் பாருங்கள். 2024 முதல் அது பொதுவில் கிடைக்கிறது. லீக் சராசரி மணிக்கு 72 மைல் அளவு. சென்ற ஆண்டைவிட இரண்டு மைல் குறைந்திருந்தால் ஒன்று காயம், அல்லது வயது.

டாட்ஜர்ஸின் ஜேம்ஸ் அவுட்மன் 2023இல் 23 ஹோம் ரன், 16 ஸ்டீல் எடுத்து ரூக்கி விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் வந்தார். அந்த நல்ல ஆண்டிலேயே ஸ்ட்ரைக்அவுட் மிக அதிகம். அடுத்த ஆண்டு அது குறையவில்லை, சராசரி .147க்கு விழுந்தது, மே மாதம் கீழே அனுப்பினார்கள். பணக்கார அணி, நல்ல மாற்று ஆட்கள், ஆப்ஷன் மீதம்: மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் முடிவு வேகமாக வரும். 2025 ஜூலையில் மினசோட்டாவுக்கு டிரேட் ஆனார்.

இளைஞர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல ஆட்களைக் கைவிடுகிறோம். வில்லி மேஸ் 1951இல் தொடங்கியபோது முதல் 26 முயற்சியில் ஒரே ஒரு ஹிட். மேனேஜர் லியோ டுரோஷர் அவரை எடுக்கவில்லை. அந்த ஆண்டு ரூக்கி விருது மேஸுக்கு. மைக் டிரவுட் 2011இல் 40 ஆட்டங்களில் .220, அடுத்த ஆண்டு.326, 30 ஹோம் ரன், 49 ஸ்டீல். ஆரன் ஜட்ஜ் 2016இல் .179, 84 முறையில் 42 ஸ்ட்ரைக்அவுட். அடுத்த ஆண்டு 52 ஹோம் ரன். ஹூலியோ ரொட்ரீகெஸ் 2022 ஏப்ரல் முழுக்க ஒரு ஹோம் ரன் கூட அடிக்காமல் தொடங்கி 28இல் முடித்தார். இவர்களுடைய பெயர்களைச் சொல்லி எல்லா இளைஞரையும் காப்பாற்ற முடியாது என்பதற்கும் கெலனிக்தான் உதாரணம். 2021இல் சியாட்டிலுக்கு வந்து தொடர்ந்து 39 முறை ஹிட் இல்லாமல், .096இல் டிரிபிள்-ஏ அணியான டகோமாவுக்குப் போனார். அதன்பின் இடையிடையே நல்ல மாதங்கள் வந்தனவே தவிர, ஒரு முழு நல்ல சீசன் வரவில்லை.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது? மாதத்துக்கு மாதம் ஸ்ட்ரைக்அவுட் இறங்குகிறதா என்பதுதான் என் முதல் சோதனை. சராசரி அப்படியே இருக்கட்டும், 34 விழுக்காடு 29 ஆகி 25 ஆகிறது என்றால் அவர் கற்றுக்கொள்கிறார். இரண்டாவது, பந்தில் பட்டால் என்ன ஆகிறது. ஜட்ஜ் 2016இலும் பட்ட பந்தை நொறுக்கத்தான் செய்தார். பட்டாலும் மென்மையாக உருளுகிறது, படுவதும் குறைவு என்றால் அந்த ஆண்டுக்கு விட்டுவிடலாம். ஆட்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் டைனஸ்டி லீகில் மட்டும் வைத்திருங்கள்.

அறிகுறி: காயத்திலிருந்து திரும்பினார், ஆள் மட்டும்தான் திரும்பியிருக்கிறார்

கோடி பெல்லிஞ்சரின் கதையை முழுதாகப் படித்தால் இந்தப் பிரிவுக்குத் தேவையான எல்லாம் அதிலேயே இருக்கிறது. 2019இல் 47 ஹோம் ரன், எம்விபி (லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்) விருது. 2020 அக்டோபரில் நேஷனல் லீக் இறுதித் தொடரில் ஹோம் ரன் அடித்துவிட்டுச் சக வீரரோடு முன்கையை மோதிக் கொண்டாடியபோது வலது தோள் விலகியது, நவம்பரில் அறுவை. இடதுகை பேட்ஸ்மேனுக்கு வலது தோள்தான் முன்தோள், பேட்டை இழுத்துச் செல்வது அதுதான். 2021 ஏப்ரலில் காலில் எலும்பு முறிவு வேறு. அந்த ஆண்டு .165, மறு ஆண்டு .210. 2022 நவம்பரில் டாட்ஜர்ஸ் அவரை விட்டுவிட்டது. கப்ஸ் 1.75 கோடி டாலருக்கு எடுத்தது, 2023இல்.307, 26 ஹோம் ரன், 97 ஆர்பிஐ, 20 ஸ்டீல்.

இதில் இரண்டு பாடம். ஒன்று, பேட்ஸ்மேனின் முன்தோள் அறுவைக்குப் பிறகு ‘திரும்பிவிட்டார்’ என்ற செய்தியை நம்பி அந்த சீசனுக்கு விலை கொடுக்கக்கூடாது. மணிக்கட்டு, கை எலும்பு முறிவும் இந்த வகைதான். ஆடுவார், பவர் வர மாதங்கள் ஆகும். இரண்டு, 2023 மீட்சியில் அவர் பழையபடி பந்தை நொறுக்கவில்லை. ஸ்ட்ரைக்அவுட் 27 விழுக்காட்டிலிருந்து 16 அளவுக்கு இறங்கியது, அதனால் பந்தில் பட்டது அதிகம், சராசரி ஏறியது. பந்து வேக அளவுகள் சுமாராகவே இருந்தன. அதைக் கவனித்தவர்கள் 2024க்குப் பெரிய விலை கொடுக்கவில்லை, அந்த ஆண்டு.266, 18 ஹோம் ரன்.

கால் காயம் என்றால் ஹோம் ரன்னைப் பார்க்காதீர்கள், ஓட்ட வேகத்தைப் பாருங்கள். லீக் சராசரி வினாடிக்கு 27 அடி. உங்கள் ஆள் 29இலிருந்து 28க்கு இறங்கியிருந்தால் ஸ்டீலுக்கான பச்சைக்கொடியும் இறங்கியிருக்கும். தொடைத்தசைக் காயத்துக்குப் பிறகு முதல் சில வாரங்கள் ஓடாமல் இருப்பது இயல்பு. வேகம் திரும்பியும் முயற்சியே இல்லை என்றால் அணி தடுத்து வைத்திருக்கிறது.

அறிகுறி: ஸ்டீல் மட்டும் நின்றுவிட்டது

2023இல் பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 ஆகி, பிட்சர் பேஸில் நிற்பவரைத் தடுக்க இரண்டு முறைதான் திரும்பலாம் என்று விதி வந்தபின் லீகின் மொத்த ஸ்டீல் 2,486இலிருந்து 3,503க்குத் தாவியது. இதனால் ஸ்டீலின் விலை மாறிவிட்டது. 15 ஸ்டீல் முன்பு ஒரு வகையில் சொத்து, இப்போது பலரிடம் இருக்கிறது. அடிக்காத ஆளை 12 ஸ்டீலுக்காக மட்டும் பிடித்து வைத்திருக்கிற காலம் போய்விட்டது. 30 ஸ்டீல் தாண்டுகிறவர் என்றால் விஷயம் வேறு. விக்டர் ரோப்ளெஸை 2024இல் வாஷிங்டன் விடுவித்தது, சியாட்டில் எடுத்தது, அங்கே 77 ஆட்டங்களில்.328, 30 ஸ்டீல். அவரை ஃபேன்டசி வெய்வரில் (யாரிடமும் இல்லாத ஆட்களின் பட்டியலில்) எடுத்தவர்கள் அந்த ஒரு எடுப்பால் ஸ்டீல் வகையில் பல இடங்கள் ஏறியிருப்பார்கள். வேகம் என்றும் போகவில்லை, ஓடவிடும் மேனேஜரும் தினசரி இடமும்தான் வேண்டியிருந்தது.

அறிகுறி: அவர் ஆட்டம் சரி, ஆனால் உங்கள் புள்ளி ஏறவில்லை

இப்போது மூன்றாவது பக்கத்தை எடுங்கள். கைல் ஷ்வார்பர் 2023இல் .197 அடித்தார். கூடவே 47 ஹோம் ரன், 104 ஆர்பிஐ, 108 ரன், 126 வாக். சராசரி கணக்கிடும் லீகில் அவரை ஈடுகட்ட இரண்டு நல்ல சராசரிக்காரர் வேண்டும். ஆன்-பேஸ் விழுக்காடு (வாக்கையும் சேர்த்து எத்தனை முறை பேஸ் ஏறுகிறார் என்பது) கணக்கிடும் லீகில் அவர் முதல் வரிசை ஆள். ஜோயி கேலோ 2021இல் .199 சராசரிக்கு .351 ஆன்-பேஸ். புள்ளி முறை லீகில் ஸ்ட்ரைக்அவுட்டுக்குக் கழிவு உண்டா என்று பாருங்கள். இருந்தால் இதே ஆட்கள் மீண்டும் இறங்கிவிடுவார்கள். ஒரே ஆட்டக்காரர் மூன்று லீகில் மூன்று விலை. மற்றவர்கள் சொல்லும் தரவரிசை எந்த முறைக்கு எழுதப்பட்டது என்று தெரியாமல் ஆளை விடாதீர்கள்.

அதேபோல், தடுமாறும் அவுட்ஃபீல்டரை டிஎச் (அடிக்க மட்டும் வருபவர்) ஆக்கி வைத்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். இந்த ஆண்டு பாதிப்பு இல்லை. அடுத்த ஆண்டு அவுட்ஃபீல்ட் தகுதி போய்விட்டால், எந்த இடத்திலும் ஆடக்கூடிய அந்த ஒற்றைக் கட்டத்தை அவரே அடைத்துவிடுவார்.

விடுவது, வைப்பது

மூன்று அவுட்ஃபீல்டர் போடும் 10 அணி லீகில் வெய்வரில் எப்போதும் நல்ல ஆள் கிடக்கிறார். அங்கே ஆறு வாரத்துக்கு மேல் பொறுமை வீண், ஹாரிஸ் போன்றவரையும் ஜூனில் விட்டது பெரிய தவறில்லை. ஐந்து அவுட்ஃபீல்டர் போடும் 15 அணி லீகில் வெளியே கிடப்பது பிளட்டூன் ஆட்களும் நாலாவது அவுட்ஃபீல்டர்களும்தான். அங்கே தினமும் ஆடும் .210 சராசரிக்காரர், வாரம் மூன்று நாள் ஆடும் .270 சராசரிக்காரரைவிடப் பெரும்பாலும் மேல். ரன், ஆர்பிஐ, ஹோம் ரன், ஸ்டீல் நான்கும் எண்ணிக்கை, ஆடினால்தான் வரும். நடுவில் உள்ள 12 அணி லீகில் முதலில் பெஞ்சுக்கு மாற்றி இரண்டு வாரம் பாருங்கள், பெஞ்ச் இடம் ஐந்துக்கு மேல் இருந்தால்.

டிரேட் செய்வதென்றால் அவர் இரண்டு ஹோம் ரன் அடித்த வாரத்தில் செய்யுங்கள். 20 முயற்சியில் ஹிட்டே இல்லாமல் இருக்கும்போது கேட்டால் யாரும் எதுவும் தரமாட்டார்கள்.

விட்டபிறகும் பெயரைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருங்கள். செட்ரிக் மல்லின்ஸ் 2019இல் பால்டிமோருக்கு சீசனைத் தொடங்கி 64 முறையில் 6 ஹிட் மட்டும் அடித்து, டிரிபிள்-ஏவுக்கும் அங்கிருந்து டபிள்-ஏவுக்கும் இறங்கினார். 2021க்கு முன் வலதுகையால் ஆடுவதை நிறுத்தி இடதுகையால் மட்டும் அடிக்க முடிவெடுத்தார். அந்த ஆண்டு 30 ஹோம் ரன், 30 ஸ்டீல். இப்படி ஒரு ஆட்டக்காரர் தன் ஆட்டத்தில் எதையோ உண்மையாகவே மாற்றியிருக்கிறார் என்ற செய்தி வந்தால் எண்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அது இல்லாதபோது நான் பார்ப்பது லைன்அப்பைத்தான்: இடதுகை பிட்சருக்கு எதிராகவும் இரண்டு முறை தொடர்ந்து பெயர் வருகிறதா, எட்டாம் இடத்திலிருந்து ஆறுக்கு ஏறியிருக்கிறாரா, ஏழாவது இன்னிங்ஸில் மாற்றாமல் விடுகிறார்களா. இந்த மூன்றில் இரண்டு நடந்தால், சராசரி இன்னும் .215இல் இருந்தாலும், அன்றிரவே வெய்வரில் விலை போடுங்கள்.